சம்பந்தி ஊற்றிய தேத்தண்ணி

அறுபது தாண்டிய மனிதனுக்குப் பொறாமை வரக்கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலும் புளியங்கூடல் கதிர்காமு அதை வாசித்திருக்க மாட்டார். அவருக்கு வாசிப்பது பிடிக்காது, பிறர் சொல்லக் கேட்பது அதைவிடப் பிடிக்காது. வயிறு எரிந்தால் எரிந்ததுதான். மோர் குடித்தும் அடங்கவில்லை, கோயிலைச் சுற்றி வந்தும் அடங்கவில்லை.

காரணம் அவருடைய மனைவி இராசேஸ்வரி. ஒரே மகள் கோசலாவின் தலைப்பிள்ளைப் பேறு பார்க்கவென்று கனடாவுக்குப் போனவள். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். பிள்ளை பிறந்தது, பேற்றுத் துடக்குக் கழிந்தது, பல்லு முளைத்துத் தலையில் பல்லுக்கொழுக்கட்டையும் கொட்டியாயிற்று. இராசேஸ்வரியை மட்டும் காணோம். விசாவை ஒருதரம் நீட்டினார்கள், பிறகு இன்னும் ஒருதரம் நீட்டினார்கள். இங்கே கதிர்காமு தானே உலை வைத்து, தானே வடித்து, கரி பிடித்த சட்டியைத் தானே தேய்த்து, மாட்டோடு பேசிக்கொண்டு திரிந்தார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போனது சம்பந்தியை.

தில்லைநாதன், மருமகன் ஜெயரூபனின் தகப்பன். ஓய்வுபெற்ற தபாலதிபர். மனைவி செத்தபின் மகனோடு அதே வீட்டில் இருக்கிறார். கோசலாவின் கலியாணப் பேச்சு நடந்தபோது, "தங்கமான மனிசன், அதிர்ந்து ஒரு சொல் கதைக்க மாட்டார்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் இதே கதிர்காமுதான். இப்போது அந்த அதிராத சொல்லை நினைத்தால் அவருக்கு நித்திரை வருவதில்லை.

தொலைபேசியில் இராசேஸ்வரி வாயைத் திறந்தால் சம்பந்தியார்தான். சம்பந்தியார்தான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். பனிக்குள் வழுக்காமல் எப்படி நடப்பதென்று சம்பந்தியார்தான் காட்டிக் கொடுத்தாராம். சம்பந்தியார் மரக்கறி வெட்டினால் ஒரே அளவாக இருக்குமாம். "ஆம்பிளை மரக்கறி வெட்டிறது ஒரு கெட்டித்தனமோ?" என்று கதிர்காமு ஒருநாள் கேட்டார். மறுபக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. அது இராசேஸ்வரியின் சிரிப்பா, பக்கத்தில் நின்ற வேறு யாருடையதா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று முழுக்க அந்தச் சிரிப்பு காதுக்குள் கிடந்து குடைந்தது.

போதாக்குறைக்கு அடுத்த வளவு வல்லிபுரம். வல்லிபுரத்தின் மகனும் கனடாவில்தான் இருக்கிறான். பல்லுக்கொழுக்கட்டைக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். வல்லிபுரம் அதை வேலிக்கு மேலால் நீட்டினார். படத்தில் பேரனை இராசேஸ்வரி தூக்கி வைத்திருக்க, தில்லைநாதன் சுளகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வடிவாத்தான் இருக்கு. தெரியாத ஆக்கள் பாத்தால் புருசனும் பெண்சாதியும் எண்டுதான் நினைப்பினம்" என்றார் வல்லிபுரம். அவருக்கு வேலை வெட்டி இல்லை, வாய் மட்டும் இருந்தது.

கதிர்காமு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். மாடு தின்று முடித்து அசைபோடத் தொடங்கியும் அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அந்தக் கிழமைதான் கோசலா தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, அம்மா இஞ்சையே நிரந்தரமா நிக்கிறதுக்கு அலுவல் பாக்கப் போறம். நீங்களும் வாங்கோவன்."

"நான் வந்தால் தோட்டத்தை ஆர் பாக்கிறது? மாட்டை ஆர் அவிழ்க்கிறது? விசர்க்கதை கதையாதை. கொம்மாவை அனுப்பு."

"சரி, முகத்துக்கு முகம் கதைப்பம். ஊர்காவற்றுறையிலை ஒரு கொமினிக்கேசன்காரர் கொம்பியூட்டரிலை கமரா பூட்டியிருக்கினமாம். சனிக்கிழமை காலமை வாங்கோ. நாங்கள் உங்களைப் பாக்கலாம், நீங்கள் எங்களைப் பாக்கலாம். பேரனையும் காட்டிறன்."

கதிர்காமு உடனே ஓமென்றார். பேரனுக்காக அல்ல. தன்னுடைய வாடிய முகத்தைக் கண்டால் இராசேஸ்வரி அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள் என்று அவர் நினைத்தார். தன் முகத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அதோடு, அந்தத் தில்லைநாதன் அவளுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறார் என்பதைத் தன் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வாடிய முகத்தைக் காட்டப் போகிறவர் அப்படியே போயிருக்கலாம். ஆனால் படத்தில் தில்லைநாதனின் தலை கருகருவென்று இருந்தது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சலூனுக்குப் போய் மீசைக்கு மை அடித்தார். தலைக்கும் அடிக்கவா என்று கேட்டதற்கு, ஊர் சிரிக்கும் என்று மறுத்துவிட்டார். ஆகவே சனிக்கிழமை காலையில் கண்ணாடிக்குள், வெள்ளைத் தலையும் வெள்ளைப் புருவமும் நடுவில் காகக் கறுப்பில் ஒரு மீசையுமாக ஒருவர் நின்றார். கலியாண வீடுகளுக்கென்று வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியைக் கட்டி, சால்வையைப் போட்டு, சைக்கிளை எடுத்தார். வல்லிபுரமும் கூடவே வந்தார். வர வேண்டாம் என்று சொன்னாலும் வந்திருப்பார். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்த நேவிக்காரன் மீசையையும் இரண்டாம் முறை பார்த்துவிட்டு விட்டான்.

கொமினிக்கேசன் என்ற அந்தத் தொலைபேசிக் கடையை நடத்தியவள் அன்ரனிட்டா என்ற இளம்பெண், உள்ளூர்க்காரி. நாலு வார்த்தை பேசினால் மூன்று கட்டளையாக இருக்கும். வல்லிபுரத்தை வாசலில் கிடந்த மர வாங்கில் இருத்திவிட்டு, கதிர்காமுவைப் பலகை அடித்து மறைத்த ஒரு மூலைக்குக் கூட்டிப் போனாள்.

"ஐயா, கதிரையிலை இருங்கோ. இதைக் காதிலை போடுங்கோ. ஐயோ, தலைகீழாப் போட்டிட்டியள், இஞ்சை தாங்கோ. உந்தப் பெட்டிக்கு மேல உருண்டையா இருக்கிறதுதான் கமரா. அதைப் பாத்துக் கதைச்சால்தான் அவைக்கு நீங்கள் தங்களைப் பாக்கிற மாதிரித் தெரியும். கத்தாதேங்கோ, மெல்லக் கதைச்சாலே கேக்கும்."

திரையில் முதலில் தெரிந்தது ஒரு சின்னச் சதுரத்துக்குள் ஒரு கிழவர். மூக்குக்குக் கீழே கறுப்பு ஒட்டுப் போட்டதுபோல் மீசை. இது எந்தக் கோமாளி என்று கதிர்காமு நினைத்தார். கிழவரும் அதே நேரத்தில் முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் அது தான் என்று விளங்கியது.

பிறகு பெரிய சதுரம் வெளித்தது. இராசேஸ்வரி.

ஊதா நிறத்தில் ஒரு சுவெட்டர் போட்டிருந்தாள். கொண்டையைக் காணோம், முடியைப் பின்னால் ஒரு கிளிப்பில் அடக்கியிருந்தாள். கன்னம் சதை வைத்திருந்தது. சோபாவில் நன்றாகச் சாய்ந்து, ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு இருந்தாள். இங்கே அவள் கதிரையில் சாய்ந்து இருந்து அவர் பார்த்ததில்லை. விளிம்பில்தான் இருப்பாள், எந்த நேரமும் எழும்ப ஆயத்தமாக.

"இஞ்சாருங்கோ, தெரியுதோ? ஆர் உங்களுக்கு மீசைக்கு மை பூசினது?" இராசேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் கோசலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உந்தக் கதையை விடும். எப்பிடி இருக்கிறீர்?" என்று கதிர்காமு கத்தினார். கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்ல சுகம்" என்றாள். அந்தச் சுகம் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. கதிர்காமுவுக்கு அது பிடிக்கவில்லை. தன்னைப் பிரிந்தவள் கொஞ்சமாவது இளைத்திருக்க வேண்டாமா? ஒரு துளி கண்ணீர்? புருசனை ஒரு வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாகக் காண்கிறவள் மீசையைப் பற்றியா கேட்பாள்?

சோபாவின் மறு முனையில் தில்லைநாதன் இருந்தார். மடியில் பேரன். கதிர்காமுவின் சொந்த இரத்தம், அவர் இன்னும் நேரில் காணாத பிள்ளை, இரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு இருந்தது. கதிர்காமு அதைப் பார்த்தாரா? பார்த்தது பிள்ளையை ஏந்தியிருந்த கையை. பிறகு அந்தக் கைக்கும் இராசேஸ்வரியின் மடித்த காலுக்கும் இடையில் எத்தனை சாண் இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தார்.

"சம்பந்தியார், எப்பிடிச் சுகம்? உங்களைக் கண்டது பெரிய சந்தோசம். உங்கட வீட்டுக்காரி இல்லாட்டி இந்த வீடு ஓடாது, பாருங்கோ" என்றார் தில்லைநாதன். குரல் தேனாக இருந்தது.

"இஞ்சை மட்டும் ஓடுதோ?" என்றார் கதிர்காமு.

"அப்பா, கமராவைப் பாருங்கோ. கீழ எங்கையோ பாக்கிறியள்" என்றாள் கோசலா.

அதுதான் பெரிய தொல்லை. கமராவைப் பார்த்தால் அவர்களைப் பார்க்க முடியாது. அவர்களைப் பார்த்தால் கமராவைப் பார்க்க முடியாது. மற்றவர்கள் என்றால் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்திருப்பார்கள். கதிர்காமுவால் கண்ணை எடுக்க ஏலவில்லை, எடுத்த நேரத்தில் அந்த ஆள் அரைச் சாண் கிட்ட வந்துவிட்டால்?

"சம்பந்தியார் இன்னும் படுக்கேல்லையோ? அங்கை இப்ப இரவெண்டு சொல்லுகினம்."

"உங்களைப் பாக்கத்தானே முழிச்சிருக்கிறம்" என்றார் தில்லைநாதன். பிள்ளையைக் கோசலாவிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போனார். கதிர்காமு மூச்சுவிட்டார். விட்ட மூச்சு முடியவில்லை, மனிதர் ஒரு கோப்பையோடு திரும்பி வந்தார்.

தேத்தண்ணி.

குனிந்து இராசேஸ்வரியிடம் நீட்டினார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டி வாங்கினாள். கதிர்காமுவைக் கொன்றது அதுதான். முதல் தரம் ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்தால் பார்ப்போம், ஏன் உங்களுக்குக் கரைச்சல் என்று எழும்புவோம், கூச்சப்படுவோம். பார்க்காமல் வாங்குவதென்றால் தினமும் வாங்குகிறாள் என்றுதானே பொருள்!

அந்த நேரம் பார்த்துப் படம் அசையாமல் நின்றுவிட்டது. கனடாவில் தில்லைநாதன் ஒரு கணம்தான் குனிந்திருப்பார். ஊர்காவற்றுறையில் குனிந்தவர் நிமிரவேயில்லை. இரண்டு கையும் ஒரே கோப்பையில் பட்டபடி, அவள் முகத்தில் பாதிச் சிரிப்போடு, படம் அப்படியே நின்றது. குரல் மட்டும் வந்தது.

"சீனி காணுமோ?"

"காணும் காணும். நீங்கள் அளவு தெரிஞ்சுதானே போடுறனீங்கள்."

அளவு! இவருக்கு எப்படி அளவு தெரியும்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று பின்னாலேயே வந்து நின்றது. தனக்கு அளவு தெரியுமா? அவள் எத்தனை கரண்டி சீனி போடுவாள்? சீனிதான் போடுவாளா, பனங்கட்டி கடிப்பாளா? முப்பது வருஷத்துக்கு மேலாக அவளுடைய கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவருக்கு, அவள் தன் தேத்தண்ணியை எங்கே இருந்து குடிப்பாள் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. குசினிக்குள்ளாக இருக்கும். இது தெரியவில்லையே என்று அவர் வெட்கப்பட்டிருக்கலாம். வெட்கத்துக்கும் சேர்த்துத் தில்லைநாதன் மேல்தான் கோபப்பட்டார்.

படம் மறுபடி அசைந்தது. கோசலா முன்னுக்கு வந்தாள்.

"அப்பா, அந்த அலுவல் கதைப்பம். அம்மா நிக்கிறதைப் பற்றி."

"அவ கதைக்கட்டும். அவவின்ரை வாயிலை என்ன கொழுக்கட்டையோ?"

இராசேஸ்வரி கோப்பைக்குள் பார்த்தாள்.

"அம்மாவுக்கு இஞ்சை பிடிச்சிருக்கு அப்பா. இங்கிலிஸ் வகுப்புக்குப் போறா. தனியப் பஸ் எடுத்துக் கோயிலுக்குப் போய் வாறா. நீங்களும் வந்தால் எல்லாரும் ஒண்டா இருக்கலாம்."

"நான் வந்து? வந்து ஆரின்ரை கையாலை தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறது?"

பக்கத்து மறைப்பில் லண்டனோடு பேசிக்கொண்டிருந்த கிழவிகூட நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். தில்லைநாதன் மெல்ல எழும்பி, கோசலாவின் கையிலிருந்த பிள்ளையை வாங்கி, "நித்திரை தூங்குது, படுக்க வளத்திப்போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த ஆளுக்கு நாகரிகமும் இருந்தது. அதுவும் கதிர்காமுவுக்கு ஒரு குற்றமாகத்தான் பட்டது.

இந்த இடத்தில் கதிர்காமு வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் கோபத்தில் சொல்வதை அந்த வீட்டில் யாரும் சொன்னபடி எடுப்பதில்லை. "எனக்குச் சோறு வேண்டாம்" என்று படுத்தால், கொஞ்ச நேரத்தில் குழம்பைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். "எனக்கு மருந்தும் வேண்டாம் மண்ணும் வேண்டாம்" என்றால் கசாயம் காய்ச்ச வேண்டும். கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள், "கொம்மா வீட்டை போம்!" என்று கதவைத் திறந்துவிட்டார். இராசேஸ்வரி கதவைச் சாத்திவிட்டுப் போய் அடுப்பை மூட்டினாள். அன்றிலிருந்து அப்படித்தான். அவர் ஒன்றைச் சொல்வார், அவள் திருப்பிப் போட்டு விளங்கிக்கொள்வாள். மன்னிப்பும் கேட்கத் தேவையில்லை, கெஞ்சவும் தேவையில்லை. அவருக்கு இது மிகவும் வசதியாக இருந்தது.

ஆகவே இன்றைக்கும் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய கல்லை எடுத்து எறிந்தார்.

"அப்ப நீர் அங்கையே இரும்! எனக்கு ஒருத்தரும் தேவையில்லை. நான் என்ரை பாட்டிலை இருப்பன். நீர் வரத் தேவையில்லை, சொல்லிப்போட்டன்!"

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இனி அவள் அழுவாள். "விசர்க்கதை கதையாதேங்கோ, நான் வாறன்" என்பாள். கோசலாவைப் பார்த்து, கொப்பரைத் தனிய விட ஏலாது பிள்ளை என்பாள்.

இராசேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தாள். வாயைத் துடைத்தாள். சோபாவிலிருந்து எழும்பி, கொம்பியூட்டருக்குக் கிட்ட வந்து குனிந்தாள். அவளுக்குக் கமராவை எங்கே பார்ப்பதென்று தெரிந்திருந்தது. திரை முழுக்க அவள் முகம்தான், நேராக அவரையே பார்த்தது.

"உங்கட வாயாலைதானே சொல்லுறியள்?"

மனுசனுக்கு இன்னும் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. நாக்கை ஒருமுறை மடக்கியிருக்கலாம். வாசல் வாங்கில் வல்லிபுரம் இருக்கிறார், பக்கத்தில் லண்டன் கிழவி இருக்கிறாள், அன்ரனிட்டா மேசைக்குப் பின்னால் எழுதுவதுபோல் பாவனை பண்ணுகிறாள்.

"ஓம், என்ரை வாயாலைதான்!"

"சரி. அப்ப நான் நிக்கிறன்."

கதிர்காமுவுக்கு முதலில் விளங்கவில்லை. ஹெட்போனை அழுத்திப் பிடித்தார்.

"என்ன?"

"நிக்கிறன் எண்டு சொன்னனான். இவ்வளவு நாளும் இவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தவள். அப்பா தன்ரை வாயாலை சொன்னால் ஒழிய ஓமெண்ண மாட்டன் எண்டு நான்தான் நிண்டனான்." அவள் கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் சொல்லுறதை எல்லாம் நான் மாத்தி விளங்கிக்கொண்டு இருந்தனான். இண்டைக்கு ஒருநாள் சொன்னபடி கேக்கிறன்."

கோசலா தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா, நீங்கள் ஓமெண்ணுவியள் எண்டு நான் நினைக்கவேயில்லை" என்றாள். அந்தப் பிள்ளை மெய்யாகவே நம்பிவிட்டது. தாய் நம்பவில்லை. தாய்க்கு எல்லாம் விளங்கியிருந்தது. அதைக் கதிர்காமு அந்த முகத்தில் கண்டார்.

திரையில் தில்லைநாதனை எங்கும் காணோம். கதிர்காமு அவரைத் தேடினார், உண்மையில் தேடினார். அந்த மனிதர் வந்து அவள் பக்கத்தில் நின்றிருந்தால் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம். ஒரு கள்ளனைப் பிடித்ததுபோலவாவது இருந்திருக்கும். அங்கே இராசேஸ்வரி மட்டும்தான் இருந்தாள், ஊதாச் சுவெட்டரோடு. இத்தனை மாதமும் சம்பந்தியைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது அவளைப் பார்த்தே எரிந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை அவளால் கேட்கவும் முடிந்தது. அவருக்கு வேண்டியதை நேராகக் கேட்க அவருடைய வாயில் ஒரு சொல்லும் இல்லை. "வாரும், நீர் இல்லாமல் ஏலாது" என்ற சொற்களை அவர் ஒருநாளும் பழகியதில்லை.

"உடம்பைப் பாருங்கோ. அந்த மீசை மையைக் கழுவுங்கோ, தோலுக்குக் கூடாது" என்றாள் இராசேஸ்வரி. பிறகு படம் நின்றது, குரலும் நின்றது. லைன் அறுந்துவிட்டதாகவும் திரும்ப எடுக்கவா என்றும் அன்ரனிட்டா கேட்டாள். கதிர்காமு தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவள் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சால்வையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். வல்லிபுரம் வாங்கிலிருந்து துள்ளி எழும்பினார். இவர் கத்தியது மட்டும்தான் வல்லிபுரத்துக்குக் கேட்டிருந்தது. புளியங்கூடலில் கதிர்காமுவின் பேச்சை எப்படித் திருப்பிப் போடுவதென்று தெரியாத ஆள் இல்லை.

"நல்லாக் குடுத்தாய் மச்சான்! அங்கையே இரும் எண்டு போட்டாய் பார் ஒரு போடு! இனி மனிசி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடி வரும். எப்ப வாறாவாம்?"

கதிர்காமு சைக்கிள் பூட்டைத் திறந்தார்.

"வரமாட்டா" என்றார். "நான் சொன்னதைக் கேட்டிட்டா."